யாரு ஓடுறான்னு மொதல்ல கேளு

அந்த நோட்டை இப்படிக் குடு பேராண்டி, பாப்போம். அடேயப்பா! இடது பக்கம் இங்கிலீஷ்ல ஒத்த வார்த்தை, 'ரன்'. வலது பக்கம், நீ படிக்கப் போற பின்லாந்துக்காரன் பாஷையில ஒரு வரிசையே நிக்குது. எதை எங்க போடுறதுன்னு தெரியாம மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கே. ராத்திரிச் சோறும் வேண்டாம்னுட்டியாமே, உங்க அம்மா சொன்னா. பாஷை வரலைன்னா பட்டினி கெடக்கணும்னு பின்லாந்துக்காரன் சட்டம் போட்டிருக்கானா என்ன?

தப்பு அவன் மேல இல்லை. நீ தமிழ்லேருந்து பின்லாந்துக்குப் போறே. நடுவுல இங்கிலீஷ்காரன் திண்ணையில எதுக்குப் படுத்துக் கெடக்குறே? அவனே இந்த வார்த்தையில மாட்டிக்கிட்டு முழிச்சவன். ஆக்ஸ்போர்டு அகராதியை 1989ல ரெண்டாம் பதிப்பா போட்டப்ப, ரொம்பப் பொருள் உள்ள வார்த்தைன்னு பேரு வாங்கினது 'செட்'. 430 பொருள். அப்புறம் அகராதியைத் திருத்துறோம்னு ஒவ்வொரு எழுத்தா வந்து 'ரன்'னுல நின்னாங்க. பீட்டர் கில்லிவர்னு அந்த அகராதியில வேலை பாத்த ஒருத்தர், இந்த ஒத்த வார்த்தையோட ஒம்பது மாசம் குடித்தனம் பண்ணியிருக்காரு. மத்தவங்களுக்கு ஒம்பது மாசத்துல ஒரு புள்ளை. அவருக்கு 645! அதுவும் வினைச்சொல்லா வர்ற 'ரன்'னுக்கு மட்டும். குதிரையும் மனுசனும் ஆறும் ஓடிக்கிட்டிருந்த வரைக்கும் கணக்கு ஒழுங்காத்தான் இருந்துச்சு. ரயில் வந்துச்சு, மோட்டார் வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, வந்ததையெல்லாம் அதே வார்த்தை முதுகுல ஏத்திவிட்டுட்டான் வெள்ளைக்காரன். புதுசா ஒண்ணு செய்யச் சோம்பல்.

நாம மட்டும் யோக்கியமான்னு கேப்பே. கேளு, கேளு. நம்ம துறைமுகத்துல இஞ்சின் ஓடுது. அரசலாறு ஓடுது, மேலேருந்து தண்ணி விட்டாங்கன்னா. கொட்டகையில படம் ஐம்பது நாள் ஓடுச்சுங்கிறான், அது வச்ச எடத்துலயே இருந்துச்சு. பக்கத்துத் தெருப் பொண்ணு ஓடிப்போச்சுங்கிறான், அது நிதானமா பவுடர் போட்டு பஸ் ஏறித்தான் போச்சு. "குடும்பம் எப்படிப்பா?"ன்னு கேட்டா "ஏதோ ஓடுது மாமா"ங்கிறான், ஈஸிசேரை விட்டு ஒரு அங்குலம் நகராதவன். பரீட்சை ஹாலுக்குள்ள போனா "ஒண்ணும் ஓடலை"ங்கிறே நீ. கூரை மேல கெடக்குறது ஓடு, நண்டு மேல இருக்கிறது ஓடு, ஆண்டி கையில இருக்கிறது திருவோடு. நண்டு தன்னோட ஓட்டைத் தூக்கிக்கிட்டு ஓட்டு வீட்டுக்குள்ள ஓடுச்சுன்னு நான் சொன்னா உனக்கு ஒரு எடமாவது தடுக்குதா? தடுக்கலை. ஏன் தடுக்கலை? நண்டு யாரு, வீடு எதுன்னு உனக்குத் தெரியும். வார்த்தையை நீ பாக்கவே இல்லை.

கிரிக்கெட்ல மட்டும் வெள்ளைக்காரன் 'ரன்'னு அப்படியே நம்ம வாயில ஒட்டிக்கிச்சு. அதையும் நாம சும்மா விட்டமா? அவன் ஓடி எடுக்குறதை நாம "ரன் அடிச்சான்"னு ஆக்கிட்டோம். எதைக் கையில குடுத்தாலும் அடிக்கிறதுதான் நம்ம வழக்கம். தேர்தல் வந்தா அமெரிக்காக்காரன் 'ரன்' பண்றான், நம்மாளு நிக்கிறான். ஜெயிச்சப்புறம்தான் ஓடுறான்.

இப்ப உன்னோட வலது பக்கத்தைப் படி. வாய் விட்டுப் படி, வெக்கப்படாதே. மனுசன் ஓடினா 'யுவொஸ்தா'. சரி. பஸ் ஓடினா 'குல்கெயா'. ஆறு ஓடினா 'விர்ரதா'. கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராமை ஓட்டினா 'அயா'. காரை ஓட்டினாலும் அதே அயாதான். அதுக்குக் கீழ பென்சில்ல என்னமோ எழுதியிருக்கியே? தாடியை மழிக்கிறதுக்கும் அயாவா? நல்லாருக்குடா. பனியில எறங்கி வெளிய ஓட்ட முடியாத அன்னிக்கு உள்ள ஒக்காந்து மூஞ்சி மேல ஓட்டுறான் போலருக்கு.

மூக்குக்கு வா. இங்கிலீஷ்காரனுக்கு மூக்கு ஓடும். எங்க ஓடும், எதுக்கு ஓடும்னு நான் சின்ன வயசுலேருந்து யோசிக்கிறேன். பின்லாந்துக்காரனுக்கு மூக்கு 'வுவொதா'. அந்த வார்த்தைக்கு வேற என்ன போட்டிருக்கே? கூரைக்கும் அதே, படகுக்கும் அதே. அப்புறம் என்ன கஷ்டம்? நம்ம ஓட்டு வீடு ஒழுகுது, நம்ம போட்டு ஒழுகுது, உனக்கு மூக்கு ஒழுகுது. மூணுக்கும் தமிழ்ல ஒத்த வார்த்தை, அவனுக்கும் ஒத்த வார்த்தை. நீ இங்கிலீஷ் வழியா போனதால மூக்கைக் கொண்டுபோய் ஓட்டப் பந்தயத்துல விட்டுட்டே. கடையையும் பாரு. இங்கிலீஷ்ல கடையை ஓட்டணும். நாம கடை வச்சிருக்கோம். பின்லாந்துக்காரனும் வச்சுத்தான் இருக்கான், 'பித்தா'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கே பாரு, புடிச்சு வச்சுக்கிறதுன்னு அர்த்தம். அந்தப் பித்தாவை அங்கயே நிறுத்து, அது பெரிய ஆளு, அதுக்குத் தனியா வர்றேன்.

இஞ்சின்தான் எனக்குப் புடிச்சது. 'கேயுதா'. கடிகாரம் ஓடினாலும் கேயுதா, மோட்டார் ஓடினாலும் கேயுதா. ஆனா அந்த வார்த்தைக்கு மொத அர்த்தம் என்னன்னு நீயே எழுதி வச்சிருக்கே, ஒரு எடத்துக்குப் போய்ட்டு வர்றது. 'கேயுன் கௌப்பஸ்ஸா'ன்னா கடைக்குப் போய்ட்டு வர்றேன். டேய், இது நம்ம வீட்டுப் பேச்சுடா! வாசப்படி தாண்டுறப்ப எவனாவது "போறேன்"னு சொன்னா உங்க ஆத்தா வாயிலயே போடுவா. போய்ட்டு வர்றேன்னு சொல்லணும். இங்கிலீஷ்ல இதைச் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேணும். பின்லாந்துக்காரன் போறதையும் வர்றதையும் ஒத்த வினையில முடிச்சு வச்சிருக்கான். மோட்டாரைத் தொறந்து பாத்தவன் எவனோதான் அந்த வார்த்தையை அங்க மாட்டியிருக்கணும். பிஸ்டன் வேற என்ன பண்ணுது? போய்ட்டு வருது, போய்ட்டு வருது.

பிரெஞ்சுக்காரனைக் கேட்டா வேற சொல்வான். நான் பையனா இருந்தப்ப எங்க வாத்தியார் பழைய சைக்கிளுக்கும் ரேடியோவுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்வார், 'ஸா மார்ஷ்'. வேலை செய்யுதுன்னு அர்த்தம். எழுத்துப்படி பாத்தா நடக்குது. இங்கிலீஷ்காரனோட இஞ்சின் ஓடும், பிரெஞ்சுக்காரனோட இஞ்சின் நடக்கும், பின்லாந்துக்காரனோடது போய்ட்டு வரும். மூணு பேருக்கும் டீசல் ஒரே வெலை. பிரெஞ்சுக்காரன் எதுலயுமே நடைதான், அவசரமில்லை. 1739ல காரைக்காலுக்கு வந்தான். 1954 நவம்பர் 1ல கொடியை எறக்கினான். போறேன்னு கையெழுத்துப் போட 1956 ஆச்சு. சட்டப்படி போனது 1962 ஆகஸ்ட் 16. ஒரு 'போறேன்'னுக்கு எட்டு வருசம்! இதுல எந்தத் தேதியில அவன் போனான்னு கேட்டா, கேக்குறவன் வாத்தியாரா, வக்கீலா, பென்ஷன் வாங்குற பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவான்னு பாத்துத்தான் நான் பதில் சொல்வேன்.

சரி, பித்தாவுக்கு வருவோம். சுந்தரர் சிவனைத் திட்டினது ஞாபகம் வந்தா அதை ஒதுக்கி வை, இது வேற. உன் நோட்டுல என்ன போட்டிருக்கு? கையால புடிக்கிறது ஒரு பொருள். ஒருத்தரை நமக்குப் புடிக்கிறது இன்னொரு பொருள். இப்பச் சொல்லு. கயித்தைப் புடின்னு சொல்றதும், எனக்கு மாம்பழம் புடிக்கும்னு சொல்றதும் தமிழ்ல ஒரே வார்த்தைதானே? உலகத்துல எங்கயோ பனிக்குள்ள ஒருத்தன் ஒக்காந்துக்கிட்டு அதே ரெண்டையும் ஒரே வார்த்தைக்குள்ள வச்சிருக்கான். 'நான் புடிக்கிறேன்'னு அவன் சொல்றப்ப காதுக்கு 'பிடேன்'னு விழுது. எனக்கே ஒரு நிமிசம் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஆனா ஜாக்கிரதை. ஒன்னைப் புடிக்கும்னு சொல்லணும்னா அவன் பாஷையில 'ஒங்கிட்டேருந்து புடிக்கிறேன்'னு உருபு போட்டுச் சொல்லணும். உருபை முழுங்கிட்டேன்னா நீ பேச்சுல நிறுத்தலை, கையைப் புடிச்சுட்டேன்னு ஆகிப்போவும். அதே வார்த்தைக்கு மூணாவதா 'கட்டாயம் செய்யணும்'னும் ஒரு பொருள் இருக்கு பாரு. புடிக்கும், புடி, கட்டாயம். கல்யாண வரிசையே அதுக்குள்ள கெடக்கு. உங்க அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் அந்த வார்த்தையைத் தொடணும், ஆமா.

உடனே "தாத்தா, அப்ப அவனும் நாமளும் ஒரே ரத்தம்"னு கெளம்பிடாதே. உன்னை விடப் படிச்சவங்க அப்படிக் கெளம்பினாங்க. கால்டுவெல் 1856ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினாரே, அந்தப் புத்தகத்துலயே நம்ம மொழிக் குடும்பத்தை சித்தியக் கூட்டம்னு அப்ப சொல்லிக்கிட்டிருந்த ஒண்ணோட கிட்டத்துல கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கூட்டத்துல பின்லாந்து மொழியும் இருந்துச்சு. இன்னிக்கு அதை மொழிநூல்காரங்க ஏத்துக்குறதில்லை. கால்டுவெல் மத்தபடி சொன்ன பெரிய விசயம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் தனிக் குடும்பம்ங்கிறது, அது நின்னுச்சு. இது நிக்கலை. மூக்கு ஒரே மாதிரி இருக்குன்னு எவனும் சொத்துல பங்கு கேக்க முடியாது தம்பி. ஆனா பக்கத்துல ஒக்காந்து சாப்பிடலாம், தப்பில்லை.

சாப்பிடத் தோதா ரெண்டு மூணு சங்கதி இருக்கத்தான் செய்யுது. 'தலோ'ன்னா வீடு. 'தலொஸ்ஸா'ன்னா வீட்டுல. 'தலொஸ்தா'ன்னா வீட்டுலேருந்து. இங்கிலீஷ்காரன் முன்னாடி வச்சதை இவன் வாலா பின்னாடி ஒட்டுறான், நம்மள மாதிரியே. நமக்கு வேற்றுமை எட்டு, அவனுக்குப் பதினஞ்சு. எட்டை ஒழுங்கா படிக்காதவன் பதினஞ்சுக்குப் பயப்படுறது நியாயம்தான். அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்லு, 'ஹேன்'. அதுவும் பேச்சுல சோம்பேறித்தனமா 'ஸெ'ன்னு வருதாம், 'அது'ன்னு அர்த்தம். உன் புரொபசரை நீ அதுன்னு சொன்னா அங்க கோவிச்சுக்க மாட்டாங்க. லீவுக்கு இங்க வந்து உன் பெரியப்பாவை அதுன்னு சொல்லிப் பாரு, அப்பத் தெரியும்.

குறிலும் நெடிலும் அவனுக்கும் உசுரு. இதை இங்கிலீஷ் வழியா படிக்கிறவன் திண்டாடுவான், நீ திண்டாடக் கூடாது. 'துலி'ன்னா நெருப்பு. இழுத்து 'தூலி'ன்னா காத்து. அழுத்தி 'துல்லி'ன்னா சுங்கம். கல், கால், கள், காள்னு நாக்கைப் பழக்கின நமக்கு இது என்ன பெரிய வித்தை? வாஞ்சூர் எல்லையில சாயங்காலம் போய் நில்லு, மூணும் ஒண்ணா வரும். தொண்டையில நெருப்பு, கடல்லேருந்து காத்து, ரெண்டு எட்டு வச்சா அந்தாண்ட தமிழ்நாட்டுக்காரன் பைக்குள்ள கையை விடுறான்.

கால்னு சொன்னதும் ஞாபகம் வருது. நீ 'ரன்'னைப் பாத்து மெரண்டியே, நீ பொறந்த ஊரு பேர்ல என்ன கெடக்குன்னு பாத்தியா? காரைக்கால். இந்தக் கால் எந்தக் கால்? நடக்குற காலா, நாலுல ஒரு பங்கா, வாய்க்காலா? வாய்க்கால்தான்னு சொல்றவங்க உண்டு. அப்படின்னா காரைன்னா சுண்ணாம்புக் காரையா, காரைச் செடியான்னு அடுத்த சண்டை. பந்தல் போட நட்டா பந்தக்கால். பழைய நூல்ல காத்துக்கும் கால்னு பேரு. ஏழே கால் மணிக்கு வாய்க்கால் கரையில கால் வலிக்க நடந்துபோய் கால் கிலோ எறா வாங்கிட்டு வந்து உன் அத்தைக்கு ஒரு கால் பண்ணுன்னு நான் சொன்னா, நீ ஒரு தடவையாவது "எந்தக் கால் தாத்தா?"ன்னு கேட்டிருக்கியா? அம்மைங்கிறதை எடுத்துக்கோ. நம்ம காரைக்கால் அம்மையாரை சிவபெருமானே அம்மையேன்னு கூப்பிட்டதா பெரியபுராணம் சொல்லுது. அதே வார்த்தைக்கு வாசல்ல வேப்பிலை சொருகுற வீடும் இருக்கு. கடல்கரையில போய் "பாடு எப்படி?"ன்னு கேட்டுப் பாரு. மீன் எவ்வளவு பட்டுச்சுன்னு சொல்வாங்க. மேற்கேயிருந்து வந்தவன் கேட்டா பாட்டுப் பாடச் சொல்றதா நெனைப்பான். இல்லைன்னா கஷ்டத்தைக் கேக்குறோம்னு நெனைப்பான். மீன் படாத மாசத்துல அது ரெண்டும் ஒண்ணுதான், போ.

இந்த வித்தைக்கெல்லாம் ராசா நம்ம பக்கத்துல வந்துட்டுப் போனவன்தான். நான் பொறந்தது திருமலைராயன்பட்டினம், தெரியுமில்ல? நீங்க டி.ஆர். பட்டினம்னு சுருக்கிட்டீங்க. அங்க திருமலைராயன் சபையில காளமேகம் வந்து நின்ன கதையை எங்க ஊர்ல கைப்புள்ளை கூடச் சொல்லும். பதினஞ்சாம் நூத்தாண்டு. அதிமதுரகவின்னு ஒருத்தர், அவரைச் சுத்தி பல்லக்குல வர்ற 64 புலவருங்க. காளமேகம் அதுக்கு முன்னாடி கோயில் மடைப்பள்ளியில கரண்டி புடிச்சவருன்னு சொல்வாங்க. கரண்டி புடிச்சவருக்கு வார்த்தையை எந்தப் பக்கம் திருப்பினா வேகும்னு தெரிஞ்சிருக்கு. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு. யானைக்கும் வைக்கோலுக்கும் ஒரே பாட்டு. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒண்ணு. வார்த்தையை மாத்த மாட்டார். கேக்குறவன் எதை நெனைச்சுக்கிட்டுக் கேக்குறானோ அதுவா ஆயிடும்.

அதுல நாகப்பட்டினம் சத்திரத்துக் கதைதான் உனக்குத் தேவை. காத்தான்னு ஒருத்தன் சத்திரம் வச்சிருந்தான். காளமேகம் பசியோட போய் ஒக்காந்தார். சோறு வரலை, வரலை, வரவே இல்லை. கடுப்புல ஒரு பாட்டு விட்டார். பொழுது சாயறப்பதான் அரிசியே வருது, குத்தி ஒலையில போடுறப்ப ஊரே தூங்கிடுது, இலையில ஒரு கரண்டி விழுறப்ப விடிவெள்ளி மொளைச்சிடுதுன்னு அர்த்தம். காத்தான் பதறிப்போய்க் கால்ல விழுந்தான், சாமி, என் பேரு கெட்டுடும், மாத்திப் பாடுங்கன்னு. காளமேகம் ஒரு எழுத்தை மாத்தலை. அடப்பாவி, நான் ஒன்னைப் புகழ்ந்துல்ல பாடியிருக்கேன்னார். பஞ்சத்துல ஊர் ஒலகமே அஸ்தமிக்கிறப்பவும் இங்க அரிசி வந்து எறங்கும், ஒலை வச்சா ஊர்ப்பசி அடங்கும், இலையில விழுற சோத்தோட வெண்மைக்கு முன்னாடி வெள்ளி கூட எழுந்து நிக்கும்னு திருப்பிக் காட்டினார். வசவுப் பாட்டு வாழ்த்துப் பாட்டா ஆயிடுச்சு. நடுவுல என்ன நடந்துச்சு? சோறு வந்துச்சு. அவ்வளவுதான். வயிறு காஞ்சு கெடக்கறப்ப அடங்கினது ஊரு, நெறைஞ்சப்புறம் அடங்கினது பசி.

திருமலைராயன் கொஞ்சம் மரியாதை பண்ணியிருந்தா எங்க ஊருக்கும் ஒரு வாழ்த்துப் பாட்டு கெடைச்சிருக்கும். பண்ணலையாம். மண்மாரி பெய்யட்டும்னு சாபம் வாங்கினதுதான் மிச்சம். கடலோரத்து ஊர்ல காத்தடிச்சா மண்ணு பறக்கத்தான் செய்யும், அதுக்குப் புலவர் எதுக்குன்னு எங்க அப்பா கேப்பார்.

அந்தக் காளமேகம் பின்லாந்துல பொறந்திருந்தா அவருக்கு ரொம்ப வேலை வச்சிருக்க மாட்டாங்க. உன் நோட்டுல கடைசிப் பக்கத்துல சிவப்பு மையில கட்டம் கட்டியிருக்கியே, 'கூசி பலா'. பலாப்பழத்தைப் பாத்து எவனோ கூசினான்னு நெனைச்சேன். கூசின்னா ஆறு. கூசின்னா அந்த ஊர்ல பனி புடிச்சு நிக்குமே ஊசியிலை மரம், ஸ்புரூஸ், அதுவும். கூசின்னா 'உன் நெலா'வும். பலான்னா எரியுது, திரும்பி வருது, துண்டுகள். இப்ப கோத்துப் பாரு. ஆறு துண்டு. மரம் எரியுது. மரம் திரும்பி வருது. உன் நெலா எரியுது. உன் நெலா திரும்பி வருது. ஆறு பேரு திரும்பி வர்றாங்க. ரெண்டே வார்த்தை! பின்லாந்துக்காரனே வெளியூர்க்காரனை மெரட்ட இதைத்தான் எடுத்து விடுவானாம். நீ மெரளாதே. எவனாவது கையில கேக்குத் தட்டோட நின்னு சொன்னா ஆறு துண்டு. கத்திக்கிட்டு ஓடி வந்து சொன்னா மரம் எரியுது, நீயும் ஓடு. உன் நெலா திரும்புதுன்னு சொல்றவன் வந்தா அவன் கவிஞன், அவனுக்குச் சோறு வாங்கிக் குடு.

இந்த ரெட்டைப் பொருளை வச்சே ஒரு பின்லாந்துக்காரரு நம்மகிட்ட வந்திருக்காரு, அது தெரியுமா? உன் போன்ல அது வராது, நீ கேட்டிருக்க மாட்டே. அஸ்கோ பர்போலா. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர். சிந்துவெளி முத்திரையில இருக்கிற எழுத்து பழைய திராவிட மொழின்னு 1969லயே கூட்டாளிங்களோட சேந்து சொன்னவர். அந்த முத்திரைகள்ல திரும்பத் திரும்ப ஒரு மீன் படம் வருது. இத்தனை மீனை எதுக்குக் கல்லுல செதுக்கணும்? சந்தைக் கணக்கா? அவருக்கு முன்னாடியே ஹெராஸ் பாதிரியார் ஒரு வழி காட்டியிருந்தார், தமிழ்ல மீன்னா கடல்ல இருக்கிறதும் மீனு, வானத்துல இருக்கிறதும் மீனுன்னு. பர்போலா அந்த நூலைப் புடிச்சுக்கிட்டே போனார். மீனுக்குப் பக்கத்துல ஆறு கோடு போட்டிருக்கு. ஆறு, மீன். அறுமீன்! நம்ம பழைய ஆளுங்க கார்த்திகைக் கூட்டத்துக்கு வச்ச பேரு. ஏழு கோடு இருந்தா எழுமீன், சப்தரிஷி மண்டலம். 1994ல பெரிய புத்தகமாவே போட்டார். 2010 ஜூன்ல கோயம்புத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்துச்சே, அங்க கலைஞர் மு. கருணாநிதி பேர்ல வச்ச செம்மொழி விருதும் பத்து லட்ச ரூபாயும் வாங்கினவர் அவர்தான். பேப்பர்ல போட்டோ பாத்துட்டு, மீனை வச்சு இவ்வளவு சம்பாதிச்சவன் நம்ம கரையில ஒருத்தன் இல்லையேன்னு உங்க ஆத்தாகிட்ட சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னா இல்லை. சிந்து எழுத்துல இதுதான் எழுதியிருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் முடிவா நிறுவினவங்க யாரும் கெடையாது. இருந்தாலும் அந்த மனுசன் வேலையைப் பாரு. தனியா மீனைப் பாத்துக்கிட்டு ஒக்காரலை. பக்கத்துல எத்தனை கோடு நிக்குதுன்னு பாத்தார்.

இதுல ஒரு குசும்பு என்னன்னா, அவரோட தாய்மொழியில இந்த வித்தை பலிக்காது. பின்லாந்துல மீனுக்கு 'கலா', நட்சத்திரத்துக்கு 'தேஹ்தி'. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதனால ஹெல்சிங்கியிலேருந்து நம்ம கரை வரைக்கும் வார்த்தை கேட்டு வர வேண்டியதாப் போச்சு. ராத்திரியில கடலுக்குப் போற நம்மாளு மேல ஒரு மீனைப் பாத்து தெசை புடிச்சு, கீழ ஒரு மீனைப் புடிச்சுக்கிட்டு வருவான். அவனுக்கு இது ஆராய்ச்சி இல்லை, சம்பளம்.

ஆகக்கூடி இந்த நோட்டுல இடது பக்கத்தைக் கிழிச்சு எறி. கிழிக்க மனசு வரலைன்னா மடிச்சு வை. அந்தப் பக்கத்துல தமிழ்ல எழுது. ஆனா வார்த்தையா எழுதாதே. "மூக்கு ஒழுகுது"ன்னு எழுது. "பஸ் ஓடுது"ன்னு எழுது. "கடை வச்சிருக்கார்", "தேர்தல்ல நிக்கிறார்", "கடைக்குப் போய்ட்டு வர்றேன்". அதுக்கு எதிர்ல அவன் என்ன சொல்றான்னு போடு. எங்க ஒத்துப்போவுதோ அங்க சந்தோசப்படு, ஒத்துப்போவாத எடத்துல ரெண்டு தடவை எழுது. 'ரன்'னுக்குப் பின்லாந்துல என்னன்னு எவனாவது கேட்டா, யாரு ஓடுறான்னு திருப்பிக் கேளு. அவன் முழிப்பான். முழிக்கட்டும், உனக்கென்ன?

போன்ல அந்த மொழிபெயர்க்கிற மிஷினை நம்பாதேன்னு நான் சொல்லலை, நம்பிக்கோ. அதுக்கும் சோறு போட்டுட்டுக் கேளு, அதாவது முழு வாக்கியமா குடு. ஒத்த வார்த்தையைத் தூக்கிப் போட்டா அதுவும் காத்தான் சத்திரம்தான், என்ன வருமோ எப்ப வருமோ.

அப்புறம் ஒரு விசயம். அங்க போய் மொத வாரமே மீன் இல்லாம இருக்க மாட்டே, உன் நாக்கு எனக்குத் தெரியும். மார்க்கெட்டுல நின்னு தைரியமா 'கலா'ன்னு கேளு. உங்க அம்மாவுக்கு வீடியோல பேசுறப்ப மட்டும், "இன்னிக்குக் கலாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ரொம்பப் புடிச்சிருந்துச்சு"ன்னு சொல்லித் தொலைக்காதே. அவ அன்னிக்கு ராத்திரியே பொட்டி கட்டிருவா, எனக்கும் சேத்து டிக்கெட் போடுவா. எனக்கு அந்தக் குளிரு ஆவாது.